சத்தம் ஏன் உடைகிறது என்று சிஸ்டமே சொல்லட்டும்: லினக்ஸ் டிஸ்ட்ரோ தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லினக்ஸில் பாட்டு செய்ய வருகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்எம்எம்எஸ் என்ற இசை மென்பொருளை நிறுவி, ஒரு பீட் போட்டு, அதன் மேல் நாலைந்து சின்த் டிராக் அடுக்கியதும் ஸ்பீக்கரில் சடசடவென்று கேட்கும். உடனே உதவி கேட்பார்கள். ஒருவர் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) மாற்று என்பார், இன்னொருவர் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவைத் தூக்கு என்பார், மூன்றாமவர் புது சவுண்ட் கார்டு வாங்கச் சொல்வார். யாருமே முதலில் கோளாறு எது என்று பார்ப்பதில்லை. பார்க்கிற வழியை, லினக்ஸைத் தொகுத்து டிஸ்ட்ரோவாகத் தரும் நீங்கள் திரையில் வைக்காததுதான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

சத்தம் உடைவதற்குப் பின்னால் வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம், அவற்றைப் பிரிப்பதும் கஷ்டமில்லை. பாட்டை 16 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கோப்பிலும் கரகரப்பு இருந்தால் பெரும்பாலும் கிளிப்பிங்தான், மாஸ்டர் அளவு 0 டெசிபலைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்படுகிறது, ஃபேடரை இறக்கினால் போதும், எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். கோப்பு சுத்தமாக இருந்து வாசிக்கும்போது மட்டும் உடைந்தால் அது எக்ஸ்ரன்னாக, அதாவது ஒலித்தரவு நேரத்துக்குத் தயாராகாமல் போவதாக, இருக்க வாய்ப்பு அதிகம். புளூடூத் ஹெட்செட்டில் மைக் ஆன் ஆனதும் ஒலி தகரம் மாதிரி ஆவது தனிக்கதை. அங்கே புளூடூத் ஒலியை அனுப்பும் முறையான புரொஃபைலே மாறிவிடுகிறது.

இந்த எக்ஸ்ரன்னைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். சவுண்ட் கார்டு வினாடிக்கு 48,000 மாதிரிகளை (சாம்பிள்களை) வாசிக்கிறது, பஃபர், அதாவது ஒரு தடவைக்குத் தயார் செய்யும் தொகுப்பு, 256 மாதிரி என்றால் அடுத்த தொகுப்பைத் தயார் செய்ய மென்பொருளுக்குக் கிடைப்பது சுமார் 5.3 மில்லிவினாடி, ஒரே ஒரு தடவை அது தவறினாலும் ஒலியில் ஓட்டை விழும். 1024 என்று வைத்தால் 21 மில்லிவினாடி கிடைக்கும், சடசடப்பு குறையும், ஆனால் கீபோர்டில் விரல் வைத்த பிறகு ஸ்வரம் பின்தங்கி வருவது வாசிப்பவருக்குத் தெரியும். சிபியு 30 சதவீதம்தானே ஓடுகிறது, அப்புறம் ஏன் உடைகிறது என்று கேட்பவர்கள் நிறைய. சராசரி வேகம் இங்கே கணக்கில்லை. அந்த 5 மில்லிவினாடிக்குள் முறை வந்ததா என்பதுதான் கணக்கு. பிரவுசரோ வைஃபை டிரைவரோ குறுக்கே வந்தால், அல்லது பேட்டரியை மிச்சம் பிடிக்க சிபியு வேகத்தைத் தணித்து வைத்திருந்தால், முறை தவறிவிடும்.

இதற்கு வேண்டிய எல்லாமே உங்கள் கையில் தயாராக இருக்கிறது, அதனால்தான் ஆதங்கமாக இருக்கிறது. லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் பைப்வயர் ஒவ்வொரு தவறலையும் எண்ணுகிறது. ஆனால் டெர்மினலைத் திறந்து பிடபிள்யூ-டாப் என்று அடித்து, அதில் ஈஆர்ஆர் என்ற பத்தியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் தன் ஜன்னலிலேயே எக்ஸ்ரன் எண்ணிக்கையைக் காட்டுகிறது. அதே எண் ஒலி அமைப்புப் பக்கத்தில், வால்யூம் பட்டைக்குக் கீழே, "கடந்த ஒரு நிமிடத்தில் இத்தனை முறை ஒலி தடைப்பட்டது" என்று வரக்கூடாதா? பக்கத்திலேயே பஃபர் அளவை மாற்ற ஒரு பட்டியலும் இருந்தால், புதியவர் தானே சரிசெய்துகொள்வார்.

அடுத்தது நிகழ்நேர முன்னுரிமை, அதாவது மற்ற வேலைகளை முந்தி ஒலிக்கு முறை கொடுப்பது. டெபியன் டிஸ்ட்ரோவில் ஜாக் என்ற ஒலி சர்வரை நிறுவும்போது இது வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும் பதில் "வேண்டாம்". நினைவகம் பூட்டப்பட்டு கணினி உறைந்துபோகலாம் என்ற எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "வேண்டும்" என்றவரும் கணினியில் ஆடியோ என்ற பயனர் குழுவில் சேர்ந்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் அது வேலை செய்யும். அந்த இடத்தில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சேர்க்கவா என்று கேட்டு நீங்களே சேர்த்துவிடுங்கள், மறுபடி லாகின் செய்யும்படி திரையில் ஒரு வரி சொல்லுங்கள், சரியாகிவிடும். அதேபோல இசை மென்பொருள் ஓடும் நேரம் மட்டும் சிபியுவை முழு வேகத்தில் வைக்க பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல் என்ற மின்சக்தி அமைப்புக் கருவியில் லாஞ்ச் என்ற கட்டளை இருக்கிறது. மெனுவில் உள்ள ஐகானோடு அதை இணைத்தால் பயனருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சுமார் 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2024இல் வந்த லினக்ஸ் 6.12இல் கர்னலை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பெரிய விஷயம், அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் வீட்டில் பாட்டு செய்யும் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை, மேலே சொன்ன சின்ன வேலைகள் போதும்.

எல்லாவற்றையும் ஒரே வெளியீட்டில் செய்யச் சொல்லவில்லை. அந்த எண்ணிக்கையை மட்டும் முதலில் திரைக்குக் கொண்டு வாருங்கள். அதற்கான தமிழ் வாசகங்களை நான் எழுதித் தருகிறேன், சோதனைப் பதிப்பு வந்தால் என் பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று விவரமாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
லினக்ஸில் இசை செய்யும் ஒருவர்