மற்றும் மகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தாயாரின் முதலாமாண்டு நினைவஞ்சலி விளம்பரம் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்தது. 'மகன்களும் மருமகள்களும் மகளும்' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்ததோ, 'மகன்கள், மருமகள்கள் மற்றும் மகள்'. படுக்கையில் கிடந்த அம்மாவை 6 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. "என்னை 'மற்றும் பலர்' கணக்கில் சேர்த்துவிட்டீர்களே அண்ணா" என்றாள். சினிமா போஸ்டரின் அடியில் வருமே, அந்த 'மற்றும் பலர்'. நான் அப்படி எழுதவில்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

விளம்பரப் பிரிவில் கேட்டதற்கு, "திருத்தித்தான் போடுவோம் சார், இதுதான் சரியான தமிழ்" என்றார் ஓர் இளைஞர். தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் சொல்கிறார், அவற்றில் எண்ணுவதும் ஒன்று. 'மற்று' என்பதற்கு வினைமாற்று (ஒரு செயலை விட்டு வேறொன்றுக்கு மாறுவது), அசைநிலை (தனிப்பொருளின்றி நிற்பது) என்று இரண்டே. நன்னூலார் 'பிறிது', அதாவது வேறொன்று, என்று மூன்றாவதைச் சேர்த்தார். எண்ணுகிற வேலைக்கு இருவருமே அதைக் கூப்பிடவில்லை. 'பிறிது' என்று பொருள் கொண்டால் என் தங்கையின் கோபம் இலக்கணப்படியும் சரி!

26 ஆண்டுகள் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். 'மகள்' என்பதை 'மகளும்' ஆக்க ஓர் எழுத்துதான் கூடும். 'மற்றும்' என்றால் நான்கு எழுத்து, போதாக்குறைக்கு இருபுறமும் இடைவெளி. வரி விளம்பரங்களுக்குச் சொல் கணக்கில் காசு வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொல் ஏன் இனிக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

இது மட்டுமா? 'அவர் ஒரு மருத்துவர் ஆவார்' என்று எழுதுகிறீர்கள். அவர் இரண்டு மருத்துவராக இருப்பாரோ என்று யார் ஐயப்பட்டார்கள்? இதைப் பற்றி 2 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் தங்கள் குப்பைக் கூடைக்குப் பயன்பட்டிருக்கும். 'இரவு மற்றும் பகல்' என்று தலைப்பு வைத்தீர்கள். இரவு பகலுக்கு நடுவே எதுவுமே வேண்டாம். அதற்குத்தானே 'உம்' மறைந்து நிற்கும் உம்மைத்தொகை? போன மாதம் 'தாய் மற்றும் தந்தை'. அவர்களையும் பிரித்தாயிற்று.

மறுப்போ வருத்தமோ வெளியிடச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் விளம்பரம் தருவேன், முழுக் கட்டணத்துடன். எழுதிக் கொடுத்தபடி போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், என் 'உம்'களில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவர்