பூப் பொத்தானைப் பற்றி: கேமரா தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராக்களைச் செய்பவர்களுக்கு,

வணக்கம்.

அப்பா எழுதிய பழைய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடித்த இடங்களில் தாள் இற்றுப்போய்விட்டது, மையும் மங்கிவிட்டது. இருக்கும்போதே நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம் என்று உங்கள் கேமராவை எடுத்தேன்.

எழுத்து பெரிதாக விழட்டும் என்று ஜூமை முழுக்க இழுத்துக்கொண்டு கிட்டே போனேன். ஃபோகஸ் நிற்கவேயில்லை. மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கென்று (மேக்ரோ) பூப் படம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பூப் பொத்தானை அழுத்தியும் அதே கதைதான். நான் செய்தது தலைகீழ் என்று தெரியவர நாளாயிற்று. உங்கள் கேமராக்களில் பெரும்பாலானவை ஜூம் இழுக்காத நிலையில்தான் மிகக் கிட்டே போக விடும்: 5 செ.மீ., சிலவற்றில் 1 செ.மீ. கூட. ஜூமை இழுத்துவிட்டால் 30, 50 செ.மீ. என்று பின்னால் தள்ளி நிற்கச் சொல்லும். இந்த எண்களைக் கையேட்டின் கடைசியில், விவர அட்டவணையில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். லென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியும்தானே? அந்தத் தூரத்தைத் திரையில் பூவுக்குப் பக்கத்திலேயே காட்டினால் என்ன?

பூ என்றதும் நினைவு வருகிறது. அது பூக்களை எடுப்பதற்கு மட்டும் என்றுதான் அம்மா வெகுகாலம் நினைத்திருந்தார். மலைப் படம் போட்டதை மலைக்குப் போனால்தான் தொடவேண்டுமாம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஃபிளாஷும் ஒரு தொல்லை. அவ்வளவு கிட்டத்தில் அது வெடித்தால் தாள் வெளுத்துப்போகிறது, ஒரு மூலையில் லென்ஸின் நிழல் விழுகிறது. கடைசியில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் கடிதத்தை விரித்து, கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, விரல் பட்டு ஆடாமலிருக்க 2 விநாடி டைமர் போட்டு எடுத்தேன். நடுவில் பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கேமரா தானாக அணைந்தது. திரும்ப உயிர் வந்தபோது பூவைக் காணோம்!

சரி, இதெல்லாம் பழகிவிடும். என் உண்மையான வருத்தம் படத்தரம் பற்றியது.

மெனுவில் அளவு தனியாக, தரம் தனியாக இருக்கிறது. அளவு என்பது எத்தனை பிக்சல், தரம் என்பது ஜேபெக் (JPEG) படக் கோப்பை எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது. இந்த வித்தியாசத்தை மெனு சொல்வதில்லை. தரத்தை ஒரு படி இறக்கினால் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்ற எண் மட்டும் சட்டென்று ஏறுகிறது. யாருக்குத்தான் ஆசை வராது? நானும் 'சிக்கனம்' என்ற குறைந்த தரத்தில் வைத்தேன். மெகாபிக்சல் குறையவில்லையே என்ற தைரியம் வேறு.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பாவின் 'ழ'வுக்குக் கீழே வளைந்து போகும் வாலைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக அழுக்கு. மெல்லிய கோடுகள் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்திருந்தன. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுணுக்கமான விவரங்களைக் கழித்துக்கட்டுகிறது. வெறும் வானத்திலோ சுவரிலோ அந்த இழப்பு கண்ணில் படாது. வெள்ளைத் தாளில் மை எழுத்து என்றால் முதலில் அங்கேதான் பல்லிளிக்கும். கிட்டே போய் எடுப்பவர்கள் நுணுக்கத்துக்காகத்தானே போகிறார்கள்? பூப் பொத்தானை அழுத்தியதும், தரம் குறைவாக இருந்தால் ஒரு வார்த்தை எச்சரிக்கக் கூடாதா? தரத்தை மாற்றும் இடத்தில், ஒரே எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு தரத்திலும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். எண்ணைவிட அது புரியும்.

கடிதத்தை உயர்ந்த தரத்தில் மறுபடி எடுத்துவிட்டேன். ஆனால் இரண்டாம் முறை பிரித்தபோது மூன்றாவது மடிப்பில் தாள் உதிர்ந்து ஒரு வரி போய்விட்டது. அந்த வரி இப்போது சிக்கனத் தரத்தில் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கேமராவை இன்னும் கைவிடாத ஒருவன்