காளைகளை ஓட விட அனுமதிக்கும் அரசு, அதன் கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தை பிறந்தது முதல் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா, மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் விரிவாகச் செய்தி வெளியிட்டு வருகிறது. எத்தனை காளைகள் அவிழ்க்கப்பட்டன, எத்தனை வீரர்கள் களமிறங்கினர், யாருக்குக் கார் பரிசாகக் கிடைத்தது, எத்தனை பேர் காயமடைந்தனர் என்பதையெல்லாம் மறுநாள் காலையிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் பருவம் முடிந்த பிறகு, மாநிலம் முழுவதும் எத்தனை ஊர்களுக்கு அனுமதி தரப்பட்டது, எத்தனை விண்ணப்பங்கள் என்ன காரணத்தால் மறுக்கப்பட்டன, கால்நடை மருத்துவர்கள் எத்தனை மாடுகளைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினர், எத்தனை மாடுகள் கால் முறிந்தோ கிணற்றில் விழுந்தோ வாகனத்தில் அடிபட்டோ மடிந்தன, விதி மீறியவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒருவர் கேட்டால், எடுத்துப் படிக்கும்படியான மாநில அளவிலான அறிக்கை ஒன்றை அரசு வெளியிடும் வழக்கம் இல்லை. அப்படியோர் அறிக்கையை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்விளையாட்டுகளை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்தன்று. அவை நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களே இந்தக் கணக்கை முதலில் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கான காரணம், இந்த உரிமை நமக்குத் திரும்பக் கிடைத்த வரலாற்றிலேயே இருக்கிறது. வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்து நடுவண் அரசு 2011 ஜூலையில் அறிவிக்கை வெளியிட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நாகராஜா வழக்கில் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்ததோடு, ஜல்லிக்கட்டை முறைப்படுத்த நம் சட்டமன்றம் 2009இல் இயற்றிய சட்டத்தையும் செல்லாததாக்கியது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் இளைஞர்கள் திரண்டதன் விளைவாக, அம்மாதம் 21ஆம் நாள் அவசரச் சட்டமும் 23ஆம் நாள் சட்டமன்றத்தில் திருத்தச் சட்டமும் வந்தன. விலங்குவதைத் தடுப்பு என்பது அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள் என்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடனேயே அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் கம்பளா எனும் எருமைப் பந்தயத்துக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் அதே ஆண்டில் இவ்வாறே திருத்தம் செய்தன. மூன்று மாநிலங்களின் சட்டங்களும் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நாம் வெற்றியாகக் கொண்டாடினோம், அதில் தவறில்லை. ஆனால் அது எந்த அடிப்படையில் வழங்கப்பட்டது என்பதை அன்று பலரும் கவனித்துப் படிக்கவில்லை. 2014இல் நீதிமன்றத்தின் முன் இருந்த நிலைமை வேறு, புதிய சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் சேர்ந்து விலங்கின் வலியையும் துன்பத்தையும் பெருமளவு குறைக்கின்றன, எனவே சட்டத்தை விதிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் அமர்வின் தருக்கம். அதன் தொடர்ச்சியாக, இந்தச் சட்டங்களும் விதிகளும் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்றும், அதற்கு மாவட்ட ஆட்சியர்களும் உரிய அதிகாரிகளும் பொறுப்பாவார்கள் என்றும் நீதிமன்றம் வெளிப்படையாகவே கூறியது. ஆக, நம் உரிமை விதிகளின் மேல் நிற்கிறது; விதிகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதோ ஆட்சியர் அலுவலகக் கோப்புகளுக்குள் கிடக்கிறது. நாளை மீண்டும் ஒருவர் நீதிமன்றத்தை நாடி, காகிதத்தில் உள்ள விதி களத்தில் இல்லை என்று சில படங்களையும் காணொளிகளையும் முன்வைத்தால், அதற்கு மறுமொழியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட்ட, யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கை விட வலுவான சான்று வேறு எதை மாநில அரசு காட்ட முடியும்?

இப்படிக் கணக்கு கேட்பது புதிய கோரிக்கையும் அன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், எவரும் மனுச் செய்யாமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய தகவல்களை நான்காவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில், அந்த அலுவலகம் வழங்கிய சலுகைகள், உரிமங்கள், அனுமதிகள் ஆகியவற்றைப் பெற்றவர்களின் விவரமும் ஒன்று. ஜல்லிக்கட்டுக்கோ எருது விடும் விழாவுக்கோ தரப்படும் அனுமதி இந்த வகைக்குள் அப்படியே அடங்குகிறது. அதே பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அந்த முடிவுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதனால் முதலில் பயனடையப் போகிறவர்கள் விலங்கு நல ஆர்வலர்கள் அல்லர், கிராமத்து விழாக் குழுவினர்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்து ஊருக்கு அனுமதி கிடைத்துத் தம் ஊருக்குக் கிடைக்காதபோது அதற்கான காரணம் தெரியாமல், கையில் பழைய அரசிதழின் நகலோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுத் தாக்கல் செய்யும் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த நாளில் அனுமதி, எந்த ஊருக்கு எந்தக் குறையால் மறுப்பு என்பது ஆட்சியர் அலுவலகத்தின் இணையதளத்தில் இருந்தால், செல்வாக்கு இருந்தால்தான் அனுமதி கிடைக்கும் என்ற சந்தேகத்துக்கே இடமிராது.

மாட்டுவண்டிப் பந்தயத்தின் நிலை இன்னும் தெளிவற்றது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் அரசு அறிவிக்கும் நாட்களிலும் இடங்களிலும் மரபையும் பண்பாட்டையும் பின்பற்றி நடத்தப்படும், காளைகள் பங்கேற்கும் நிகழ்வு என்று ஜல்லிக்கட்டை வரையறுத்து, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி அதில் சேர்க்கிறது. வண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வரையறையில் இல்லை. கர்நாடகச் சட்டமும் மகாராஷ்டிரச் சட்டமும் மாட்டுவண்டிப் பந்தயத்தை வெளிப்படையாகப் பெயர் சொல்லி வரையறுக்கின்றன என்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆனால் தென் மாவட்டங்களில் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்துப் பொதுச் சாலைகளிலேயே மைல் கணக்கில் வண்டிகள் ஓட்டப்படுகின்றன. கொங்கு வட்டாரத்தில் ரேக்ளா வண்டிப் பந்தயம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய தூரத்தில் நடக்கிறது. இவற்றுக்கு எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அனுமதி தரப்படுகிறது? ஓட்ட வேண்டிய தூரம் எவ்வளவு, தார் கொதிக்கும் நேரத்தில் மாடுகளை ஓட்டலாமா, தார்க்குச்சியும் சாட்டையும் தடை செய்யப்பட்டுள்ளனவா, வண்டிகளுக்கு இருபுறமும் கூச்சலிட்டபடி விரையும் இருசக்கர வாகனங்களை யார் தடுக்க வேண்டும்? வாடிவாசல் வழியே காளை அவிழ்ப்பதற்கென விதிகள் எழுதப்பட்டிருப்பது போல, சாலைப் பந்தயத்துக்கென்று தனி விதி வகுத்து, அதன் வரைவை மக்கள் கருத்துக்கு வைத்து, பிறகு அரசிதழில் வெளியிடுவதே நேர்மையான வழி. சாரதிகளுக்கும் மாட்டின் உரிமையாளர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. இன்றைய நிலையில் ஒரு காவல் ஆய்வாளரின் மனநிலையைப் பொறுத்து அவர்களின் பந்தயம் நடக்கவும் செய்கிறது, நிற்கவும் செய்கிறது.

எருது விடும் விழாவும் பெயரில் விழாவாக இருந்தாலும் நடப்பில் ஓட்டப் பந்தயம்தான். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊர்த் தெருவிலேயே தடுப்பு கட்டிக் காளையை ஓட விட்டு, எத்தனை நொடியில் எல்லையைக் கடந்தது என்று கணக்கிட்டுப் பரிசு தருகிறார்கள். நொடியின் பின்னத்தைக்கூட அளந்து அறிவிக்க முடிகிற இடத்தில், ஓடி முடித்த மாட்டை மருத்துவர் பார்த்தாரா என்பதைப் பதிந்து அறிவிக்க முடியாது என்பது நம்பத்தகுந்ததன்று.

உண்மையில் தரவு இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களின் ஜல்லிக்கட்டுக்குக் காளைகளும் வீரர்களும் இணைய வழியே பதிவு செய்யப்பட்டு டோக்கன் பெறுகிறார்கள். காளைக்கு மருத்துவத் தகுதிச் சான்று உண்டு. களத்துக்கு வருவாய்த் துறை, காவல் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை, சுகாதாரத் துறை அலுவலர்களின் ஆய்வு உண்டு. அலங்காநல்லூர் அருகேயுள்ள கீழக்கரையில் பொதுப் பணத்தில் எழுப்பப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அரங்கில் நிகழ்ச்சிகளை அரசே முன்னின்று நடத்துகிறது. இவ்வளவு பதிவுகளும் இருக்க, பருவத்தின் முடிவில் அவற்றை ஒரே படிவத்தில் தொகுத்து வெளியிடுவதற்கு வேண்டியது ஓர் அரசாணை மட்டுமே. காயமடைந்த, இறந்த மனிதர்களின் எண்ணிக்கையை வீரர், பார்வையாளர், மாட்டின் உரிமையாளர் என்று பிரித்துத் தர வேண்டும். ஏனெனில் தடுப்பு வேலி தவறியதா, கூட்டக் கட்டுப்பாடு தவறியதா, ஓடி முடித்த காளையைப் பிடிக்கும் இடத்தில் ஆள் போதவில்லையா என்பது அந்தப் பிரிவில்தான் தெரியும். மாடுகளின் கணக்கும் அதே போல, களத்துக்குள் நேர்ந்தது, களத்தை விட்டு வெளியே ஓடியபின் நேர்ந்தது என்று இரண்டாகத் தரப்பட வேண்டும். காளை வாடிவாசலை விட்டு வெளியேறியதோடு அரசின் கவனம் முடிந்துவிடக் கூடாது.

தண்டனையின் அளவை எண்ணிப் பார்த்தால் இந்த வெளிப்படைத்தன்மையின் தேவை இன்னும் கூடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை மட்டுமே. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பயனாக வந்த அந்தச் சட்டத்தின் காலத்தில் அது பொருளுள்ள தொகையாக இருந்திருக்கலாம். இன்று அது எவரையும் தடுக்காது. மகாராஷ்டிரம் தன் திருத்தத்தில் பந்தய நிபந்தனைகளை மீறினால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறது. நம் மாநிலமும் அதைப் பின்பற்றலாம். அதுவரையிலாவது, விதி மீறிய விழாக் குழுவின் ஊர்ப் பெயரும், அடுத்த ஆண்டு அதற்கு அனுமதி மறுக்கப்பட்டதா என்பதும் பட்டியலாக வெளிவந்தால், 50 ரூபாய் அபராதம் செய்ய முடியாத வேலையை அது செய்யும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அனுபவம் இங்கே எண்ணத்தக்கது. வேட்டை நாய்களின் ஓட்டப் பந்தயத்தில் நடந்த கொடுமைகள் விசாரணையில் வெளிவந்ததும், அம்மாநில அரசு 2016 ஜூலையில் பந்தயத்தையே தடை செய்வதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் அக்டோபரில் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆனால் பழைய நிலைக்கே திரும்பிவிடவில்லை. பந்தயத்தை நடத்துவோரிடமிருந்து மேற்பார்வையைப் பிரித்துத் தனி ஆணையத்தை அமைத்தது. ஓடுதளத்தில் காயமடைந்த நாய்களின் எண்ணிக்கையையும் காயங்களின் தன்மையையும் அந்த ஆணையம் தொடர்ந்து வெளியிடுகிறது. பந்தயத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே எண்ணை வைத்து வாதிட முடிகிறது. நாமோ தடையையும் தடை நீக்கத்தையும் கண்ட பிறகும், ஆளுக்கொரு கணக்கோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குதிரைப் பந்தயத்திலும் இதே போக்கைக் காண்கிறேன். கிண்டி பந்தயத் திடலைப் பற்றி அண்மை ஆண்டுகளில் பொதுவெளியில் நடந்த விவாதம் முழுவதும் நிலத்தையும் குத்தகை நிலுவையையும் பற்றியது. அது தேவையான விவாதம்தான். ஆனால் அங்கே ஓடிய குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்ட குரல் எதுவும் அந்த விவாதத்தில் எடுபடவில்லை.

எனவே தமிழ்நாடு அரசு, குறிப்பாகக் கால்நடைப் பராமரிப்புத் துறை, ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்துடன் முடியும் பருவத்தின் முழுக் கணக்கையும் மாவட்ட வாரியாக அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் வைக்க வேண்டும்; மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் அதனுடன் இணைக்க வேண்டும். இச்சங்கங்கள் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் நடுவண் விதிகளே சொல்கின்றன. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கான விதி வரைவை அடுத்த தைக்கு முன்னரே வெளியிட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழுக்கு மாவட்டந்தோறும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். இந்தப் பருவம் முடிந்ததும் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் அனுமதி, மறுப்பு, மருத்துவச் சோதனை, காயமும் உயிரிழப்பும், நடவடிக்கை ஆகிய ஐந்தைப் பற்றியும் ஒரே கேள்வித்தாளை அளித்து, வந்த பதில்களையும், பதில் வராத மாவட்டங்களின் பெயர்களையும் ஒரே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்