மதுரையின் வேகமான மின்சார கார்க்காரர்களுக்கு: முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேகமான மின்சார கார் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

பிரேக் வேலை பார்க்கும் பட்டறைக்காரன் எழுதுகிறேன். உங்களில் பலர் வண்டியை விட்டதும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, பெரிய காலிப்பர் போட்டுத் தர முடியுமா?" என்பதுதான். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்வுகிற பாகம்தான் காலிப்பர்; பேட்டைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். சிவப்பு பெயிண்ட் அடித்த ஆறு பிஸ்டன் காலிப்பர் படத்தையும் போனில் காட்டுகிறீர்கள். உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. வண்டியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் மாதிரி ஒரு கார் 3.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. 100-இல் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட 150-இல் ஓடுவதை நிறுத்த இரண்டேகால் மடங்கு ஆற்றலை டிஸ்க் வெப்பமாக வாங்க வேண்டும். கம்பெனி கொடுத்த பிரேக் போதுமா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் காலிப்பர் இல்லை.

உங்கள் காரில் அன்றாடம் பிரேக் பிடிப்பது மோட்டார்தான். கோரிப்பாளையம் நெரிசலில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி மெதுவாகிறது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. இதற்குப் பெயர்தான் ரீஜென். டிஸ்குக்கு வேலையே இல்லை. பேட் தேயவில்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள். கழற்றிப் பார்த்தால் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். டிஸ்க் ஓரத்தில் துரு ஏறியிருக்கும். இப்படிச் சும்மா கிடந்த பிரேக்கின் தலையில்தான் ஒருநாள் மொத்தப் பாரமும் இறங்குகிறது. அந்த நாள் பெரும்பாலும் கொடைக்கானலில் இருந்து இறங்கும் நாள்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். மேலே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, 100 சதவீதத்தோடு காலையில் இறங்கியிருக்கிறார் அதன் சொந்தக்காரர். பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் பிடிக்கும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. பெரும்பாலான கார்களில் ரீஜென் தானாகவே குறைந்துவிடும், இறக்கம் முழுவதையும் பேட்தான் தாங்க வேண்டும். பாதி மலையில் பெடல் கொழகொழவென்று உள்ளே போயிருக்கிறது. நல்ல வேளையாக ஓரங்கட்டி, ஆறவிட்டு இறங்கி வந்துவிட்டார். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்கில் நீலம் பாரித்திருந்தது. பேட்டின் முகம் பளபளவென்று இறுகி, நகத்தால் கீறினாலும் பொடி வரவில்லை. காலிப்பரில் ஆயிலை வெளியே எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது.

கோளாறு அந்த ஆயிலில்தான். பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோவது அதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு இதே கணக்கு 260-உம் 180-உம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி நிற்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழியை அமுக்கத்தான் போகும். ஆறு பிஸ்டன் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். 5.1-க்கு மாறலாமா என்பதைக் காரின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெறும் டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அதை உங்கள் வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது பேட். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் அதிக வெப்பம் தாங்கும் சாலைப் பேட் போடலாம். ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும், ஆனால் உங்கள் டிஸ்க் ஊருக்குள் எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது. காளவாசலில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தால் முதல் மிதியிலேயே வண்டி நிற்க வேண்டும். அந்த ஒரு மிதிக்கு டயரும் முக்கியம். டயர் வழுக்கினால் எந்தக் காலிப்பரும் காப்பாற்றாது.

புதுப் பேட்டைப் பழக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி நிறைந்திருக்கும் நேரத்தில், ஆளில்லாத நேர்ச்சாலையில், வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் மோட்டாரே பிடித்துக்கொள்ளும், பேட் டிஸ்கோடு உட்காராது. அப்புறம், பின்சக்கரப் பேட்டை மாற்றும் முன் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல கார்களில் பிரேக் குழாயில் இருந்து ஏர் எடுக்கவே, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் தேவை. அது இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் டிராக்கில் ஓட்டி பிரேக் சோர்ந்துபோனால் பெரிய டிஸ்க், காலிப்பர் பற்றிப் பேசுவோம். அதற்கும் வண்டிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த செட் வேண்டும். பிஸ்டன் அளவு மாறினால் முன் பின் பிரேக் பங்கீடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கணக்கும் பிசகும். மோட்டாரும் பிரேக்கும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் வண்டி குலுங்கும். சட்டத்தையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம். உங்கள் காரில் கியருக்குப் பதில் ரீஜென். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகிறீர்கள். இரண்டு டன் காருக்கு அது சுமார் 10 யூனிட் மின்சாரம். காற்றும் டயர் உரசலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 80 யூனிட் பேட்டரியில் மேலே 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தினாலே மீதி உள்ளே போய்விடும், டிஸ்க் சூடாகாது. அதே சாலையில் உங்களுக்கு முன்னால் குடும்பத்தை ஏற்றிய வேனும் அரசுப் பேருந்தும் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

மே மாதக் கூட்டத்தில் மலையேறும் முன் எந்தப் பட்டறையிலாவது ஆயிலின் ஈரத்தை அளந்து பாருங்கள், சில நிமிட வேலைதான். மாற்றுவதென்றால் புது டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்த டப்பாவில் ஈரம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.