இரத்ததான முகாமில் எங்களுக்கும் ஒரு மேசை

பினாங்கு ஆலய நிர்வாகத்தினருக்கும் தமிழர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் இரத்ததான முகாம்களில் காலையிலேயே வரிசை சேர்ந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்கு ஒரு சிறு குழாய் இரத்தம் கேட்டால் மட்டும், “மருத்துவமனைக்குன்னா சரி, இதெல்லாம் வேண்டாம் தம்பி” என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். தேநீர் நன்றாகத்தான் இருந்தது.

எதற்குக் கேட்கிறோம்? இரத்தத்தின் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் படிக்கத்தான். நம் உயிரணுக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது, எங்கே அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பெரியவர்களின் இரத்தத்தில் கருவிலிருந்த கால ஹீமோகுளோபின் பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மொத்தமாக அளந்தால் எல்லாச் சிவப்பணுவிலும் துளித்துளி இருப்பதாகத் தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்தால், சிலவற்றில்தான் அது சேர்ந்திருக்கிறது. அதை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. வேறு உயிரணுக்களுக்கு அது தேவை, அடியோடு நீக்க முடியாது. சிவப்பணுக்கள் உருவாகும் வழியில் மட்டும் அதை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு ஒன்று இருக்கிறது. நோயாளியின் குருத்தணுக்களை, அதாவது இரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்களை, வெளியே எடுத்து அந்த இடத்தில் மட்டும் வெட்டி, திருப்பி உடம்பில் செலுத்துகிறார்கள்; அடங்கிக் கிடந்த கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. அதுதான் காஸ்கெவி என்ற சிகிச்சை. தலசீமியாவுக்கும் அரிவாளணு நோய்க்கும் 2023 நவம்பரில் பிரிட்டன் அதற்கு அனுமதி கொடுத்தது.

சரி, நம்மிடம் ஏன்? ஆசிய மக்களின் நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தனித்தனியாகப் படித்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. 5 நாடுகள், 619 பேர், ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட உயிரணுக்கள். வம்சாவளி, வயது, பாலினம் மூன்றுமே மரபணுக்களின் வேலையை மாற்றுகின்றன என்று அதில் தெரிந்தது. சிங்கப்பூர் இந்தியர்கள் இருக்கிறார்கள். ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவிலிருந்து, யாரும் இல்லை.

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். தரவு யாரிடம் இருக்கும், பிற்பாடு வேண்டாமென்றால் நீக்குவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் இடம் தராதீர்கள், நாங்களாகவே இருந்தாலும். படிவம் தமிழில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். தலைவர் தலையாட்டியதற்காக மற்றவர்கள் கை நீட்ட வேண்டியதில்லை. அவரவர் கையெழுத்து அவரவருடையது.

வேண்டியது காற்றாடிக்குக் கீழே ஒரு மேசை, காலையில் இரண்டு மணி நேரம். எந்த மரபணு வேலை செய்கிறது என்பதை ஆர்என்ஏவைப் பார்த்துத்தான் படிக்கிறோம்; இரத்தம் குழாயில் கிடக்கக் கிடக்க உயிரணுக்களின் ஆர்என்ஏ மாறிக்கொண்டே போகும். அப்புறம் நாங்கள் படிப்பது உடம்பின் நிலையை அல்ல, குழாயின் நிலையை. பினாங்குப் பாலத்தில் நெரிசல் தொடங்குமுன் பெட்டி ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முகாமின் தேதியைச் சொன்னால், படிவத்தை முன்கூட்டியே கொண்டுவந்து காட்டுகிறோம்.