ஆன்ஸ்லோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரின் கடற்சண்டைகள் பற்றிய கட்டுரையில் பெரிய போர்க்கப்பல்கள்தான் வந்தன. சரி, சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன நாசகாரிகளுக்கு (டெஸ்ட்ராயர் எனும் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) ஒரு வரிகூட இல்லையே? 1942 டிசம்பர் 31, ஆர்க்டிக் பகுதியின் பேரன்ட்ஸ் கடல், பகலிலும் அரையிருட்டு. ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன அணியைத் தாக்க வந்த ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல் ஹிப்பரில் 8 அங்குல வாய் கொண்ட பீரங்கிகள், எதிர்த்து நின்ற பிரிட்டனின் நாசகாரி ஆன்ஸ்லோவில் வெறும் 4.7 அங்குலம். டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) விடப்போவதுபோல் பாய்ந்து பாய்ந்தே ஹிப்பரை விலக்கி வைத்தார்கள், நிஜமாகவே விட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்து மிரட்டுவது! முகத்தில் அடிபட்டு ஒரு கண் பார்வை போன பிறகும் ஆன்ஸ்லோவின் கேப்டன் ஷெர்புரூக் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். காவல் கப்பல்களில் பிராம்பிளும், புகைத்திரை போட்டுச் சரக்குக் கப்பல்களை மறைத்த அகேட்ஸும் மூழ்கின. சரக்குக் கப்பல் 14-ம் போய்ச் சேர்ந்தன. இதே ஆன்ஸ்லோதான் 1949-இல் பாகிஸ்தானுக்குப் போய் 'திப்பு சுல்தான்' ஆனது.

- ஒரு வாசகர், காரைக்குடி