எபிடியூரல் ஊசியை எப்போது கேட்பது? தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

உனக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டதாகச் சித்தி சொன்னார். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் பற்றி நீ கேட்டதற்குத் தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

என் தலைப்பிள்ளையின்போது, கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்த வேளையில் அந்த ஊசியைக் கேட்டேன். இப்போதே போட்டால் பிரசவம் தடைப்பட்டு ஆபரேஷனில் முடியும் என்றார்கள். விடியற்காலையில் மறுபடியும் கேட்டேன். பிள்ளை இறங்கிவிட்டது, இனி நேரமில்லை என்றார்கள். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

முதலில் கிடைத்த பதில் பழைய அறிவுரை. முதல் பிரசவத்தில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர்வரை பொறுக்கச் சொல்வது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. ஆனால் 2005இல் அமெரிக்காவில் 750 பெண்களிடமும், 2009இல் சீனாவில் 12,000க்கும் மேற்பட்ட பெண்களிடமும் செய்த ஆய்வுகள் வெளிவந்தபோது, முதுகுவழி வலிநிவாரணத்தைச் சீக்கிரமே பெற்றவர்களுக்குச் சிசேரியன் கூடவில்லை என்பது தெளிவாயிற்று. கேட்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது.

இரண்டாவது பதிலில் ஓரளவு நியாயம் உண்டு. மருந்து செல்லும் மெல்லிய குழாயை முதுகில் செலுத்தும்வரை முதுகை வளைத்து அசையாமல் இருக்க வேண்டும். அதன்பின் மருந்து வேலைசெய்ய இருபது நிமிடமளவில் ஆகும். வலி இடைவெளி குறைந்து அடுத்தடுத்து வரும் கட்டத்தில் அது பெரும்பாடு.

மலைநாட்டில் இருக்கும் நமக்கோ சென்டிமீட்டரைவிட ஆள்தான் பெரிய கேள்வி. இந்த ஊசியை மயக்க மருந்து வைத்தியர்தான் போட வேண்டும். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் நீ காத்திருக்க நேரும். ஆகவே அடுத்த கிளினிக் நாளிலேயே, அங்கே எபிடியூரல் கொடுக்கிறார்களா, இரவிலும் கொடுப்பார்களா, இல்லாவிட்டால் எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள் என்று கேள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லிவிடு, ஏனெனில் கடைசியாக எடுத்த நேரத்தைப் பார்த்தே ஊசி போடுவார்கள். எபிடியூரல் கிடைக்காவிட்டால் பெத்திடின் என்ற வலிநிவாரண ஊசியைக் கொடுக்கக்கூடும். அதைப் பிள்ளை பிறக்கும் நேரத்துக்கு மிக நெருக்கத்தில் போட்டால் பிள்ளை சோர்ந்து, மூச்சுவிடச் சிரமப்படலாம் என்பதால் அதற்கும் நேரம் முக்கியம்.

தோட்டத்து லயத்தில் ஊசியில்லாமலே பெற்றோமே என்று யாராவது சொன்னால் மனம் தளராதே. அவர்களிடம் அன்று யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்பதை அன்று மாலையே எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா